கண்மாயும் கம்ப்யூட்டர் விளையாட்டும்

மழை பெஞ்சுச்சா, நெல்லு எப்படி இருக்குன்னு கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதுக்கு அடுத்த பதிவுல பதில் சொல்றேன். இன்னைக்கு விஷயம் வேற. கம்ப்யூட்டர் விளையாட்டைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. ஐம்பத்தஞ்சு வயசுல பத்தாம் வகுப்பு படிச்ச ஒரு சம்சாரி இதைப் பத்தி எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு.

முதல்ல என் பழைய கருத்தைச் சொல்லிடறேன். விளையாட்டுன்னாலே எனக்கு ஆகாது. எங்க ஊர்ல ஒரு பையன் போன்ல ரம்மி ஆடியே ரெண்டு கறவை மாட்டை வித்தான். கடைசியில அவங்க அம்மா தோடும் போச்சு. அந்த வீட்டு வாசல்ல நின்னு அந்த அம்மா அழுததைப் பார்த்தவன் நான். 2023ல நம்ம மாநிலத்துல ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்துச்சு. 2025ல மத்திய அரசும் பணம் கட்டி ஆடுற ஆட்டங்களை நிறுத்தச் சட்டம் போட்டுச்சு. நல்லதுதான். ஆனா அதுக்கு முன்னாடியே நான் என் வீட்டுல ஒரு சட்டம் போட்டுட்டேன். ஸ்க்ரீன்ல எது ஆடினாலும் சூதுதான்னு. என் மக காலேஜ் படிக்கும்போது ஏதோ ஒண்ணை விளையாடிக்கிட்டு இருந்தா. என்ன ஏதுன்னு கேக்காம, சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிட்டேன். அப்புறம் ரெண்டு மூணு வருஷம் என்கிட்ட அவ அளந்துதான் பேசுவா.

இப்ப அவ சென்னையில வேலை பார்க்குறா. போன ஐப்பசி மழையில பத்து நாள் லேப்டாப்போட ஊருக்கு வந்திருந்தா. பகல்ல ஆபீஸ் வேலை. ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணையில உக்காந்து என்னமோ பார்த்துக்கிட்டு இருந்தா. நான் கயித்துக் கட்டில்ல படுத்திருந்தேன். திடீர்னு அவளாவே சொல்லிக்கிட்டா: "அய்யோ, வறட்சி வந்துருச்சு, கேரட்டெல்லாம் காயுது."

வறட்சிங்கிற வார்த்தை காதுல விழுந்ததும் எந்திரிச்சுட்டேன். சிவகங்கைச் சீமைக்காரனுக்கு அந்த வார்த்தை அப்படி. "எங்கத்தா வறட்சி?"ன்னு கேட்டுக்கிட்டே பக்கத்துல போய் உக்காந்தேன்.

அந்த ஆட்டத்துக்குப் பேரு டிம்பர்பார்ன். போலந்து நாட்டுல மெக்கானிஸ்ட்ரின்னு ஒரு சின்னக் குழு செஞ்சது. 2021ல முதல்ல விட்டாங்களாம். கதை இதுதான்: மனுஷ இனம் அழிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிறது பீவருங்க. ஐரோப்பாவுலயும் வட அமெரிக்காவுலயும் பல்லாலயே மரத்தைக் கொறிச்சு ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டுமே, அந்தப் பிராணி. அதுங்க ஊரு கட்டிப் பிழைக்கணும். ஆத்துல கொஞ்ச நாள் தண்ணி வரும். அப்புறம் வறட்சி. ஊத்துக்கண்ணே நின்னுடும். தண்ணி பக்கத்துல இருக்கிற மண்ணுல மட்டும்தான் ஈரம் நிக்கும், அங்க மட்டும்தான் பயிர் பிழைக்கும். போகப் போக வறட்சி நாளும் கூடும். அதுக்குள்ள அணை கட்டி, மதகு வச்சு, தண்ணியைத் தேக்கிக்கணும்.

என் மக தண்ணியை அகலமாப் பரப்பித் தேக்கி வச்சிருந்தா. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவையும் பாதி வறட்சியிலயே வத்திப் போச்சு. நான் சொன்னேன்: "தாயி, பரப்பி வச்சா வெயில் குடிச்சிரும். ஆழமா வை." அவ நம்பல. நாலு பக்கமும் கரையை உசத்தி, இடத்தைச் சுருக்கி, ஆழமாக் கட்டிப் பார்த்தா. அந்தத் தடவை கேரட் காயல. அந்த ஆட்டத்துல ஆவியாப் போற கணக்கையும் சேர்த்து வச்சிருக்காங்க. மேல்பரப்பு எவ்வளவோ அவ்வளவு தண்ணி போகும். சம்சாரிக்குத் தெரிஞ்ச கணக்கை எங்கயோ போலந்துல உக்காந்து ஒருத்தன் சரியாப் போட்டிருக்கான்.

அப்பத்தான் அவ கேட்டா: "அப்பா, நம்ம கண்மாய் ஏன் இவ்வளவு அகலமா, ஆழமே இல்லாம இருக்கு?"

சொந்தங்களே, இருபத்தஞ்சு வருஷமா அந்தக் கண்மாய்க் கரையில வளர்ந்த பிள்ளை. ஒரு நாளும் கேட்டதில்லை. மண்ணு மேவிப் போச்சு, தூர் வாரி வருஷக்கணக்காச்சு, வரத்துக் கால்வாயில சீமைக்கருவேலம் அடைச்சுக்கிச்சு, அதனாலதான் நாலு மாசம் நிக்க வேண்டிய தண்ணி ரெண்டு மாசத்துல போகுதுன்னு விளக்கிச் சொன்னேன். மறுநாள் காலையில என் கூடக் கரைக்கு வந்து மடையையும் கலுங்கையும் பார்த்தா. ஒரு விளையாட்டு செஞ்ச வேலை இது. நான் வாயால பத்து வருஷம் சொல்லியும் நடக்காதது.

அந்தப் பத்து நாள்ல இன்னும் மூணு ஆட்டம் காட்டினா.

ஒண்ணு, சகுனா. ஜப்பான்ல எடெல்வைஸ்னு ஒரு சின்னக் குழு செஞ்சு 2020ல வெளியிட்டது. குழுவுக்கு ஆணிவேரே ரெண்டு பேருதானாம். தப்பு பண்ணின ஒரு பெண் தெய்வத்தை ஒரு தீவுக்கு விரட்டிடுறாங்க, அவ அங்க நெல்லு வெளைய வச்சுத்தான் பலம் சேர்க்கணும். உழவு, விதைத் தேர்வு, நடவு, தண்ணி கட்டுறது, களை, அறுப்பு, காயப்போடுறது, கதிரடிக்கிறது, உமி எடுக்கிறது வரைக்கும் நாமதான் செய்யணும். விதையை உப்புத் தண்ணியில போட்டுப் பொக்கைக் கழிக்கிறதும் இருக்கு. நம்ம ஊர்ல முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பு கரைச்சு, மிதக்கிற விதையைத் தள்ளிட்டு அடியில நிக்கிறதை எடுப்போமே, அதேதான். இது வந்த புதுசுல ஜப்பான்ல ஆடினவங்க, விளைச்சல் சரியா வரலன்னு அவங்க வேளாண்மைத் துறையோட வலைத்தளத்துல போய் நெல் சாகுபடி முறையைத் தேடிப் படிச்சாங்களாம். பாதி ஆட்டம் பேய் பிசாசோட சண்டை. அது என் கைக்கு வரல, மகளை ஆடச் சொல்லிட்டேன். நடவை மட்டும் நான் பார்த்துக்கிட்டேன்.

அடுத்தது டெர்ரா நில். தென்னாப்பிரிக்காவுல செஞ்சு 2023ல வந்தது. இதுல ஊரு கட்ட மாட்டோம். செத்துப்போன மண்ணைச் சுத்தம் பண்ணணும், தண்ணி விடணும், புல்லு வரணும், அப்புறம் காடு, அப்புறம் பிராணிங்க. எல்லாம் வந்த பிறகு கடைசி வேலை என்ன தெரியுமா? நாம வச்ச மெஷினை எல்லாம் பிரிச்சு எடுத்துக்கிட்டு, ஒரு ஆணிகூட விடாம அங்கிருந்து கெளம்பிடணும். அதுதான் ஜெயிப்பு. விறகுக்காகன்னு கொண்டாந்து விட்ட சீமைக்கருவேலத்தோட இன்னிக்கு வரைக்கும் மல்லுக்கட்டுறவனுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மூணாவது, பாபா இஸ் யூ. பின்லாந்துக்காரர் அர்வி தெய்காரி ஒரே ஆளா உருவாக்கி 2019ல விட்டது. இது புதிர். கட்டத்துக்குள்ள "வால் இஸ் ஸ்டாப்"னு மூணு வார்த்தை கல்லு மாதிரி கிடக்கும். அது வரிசையா இருக்கிற வரைக்கும் சுவரைத் தாண்ட முடியாது. ஒரு வார்த்தையைத் தள்ளி விட்டா சட்டம் உடைஞ்சிடும், சுவர் சும்மா படம் ஆயிடும், உள்ளேயே நடந்து போகலாம். என் இங்கிலீஷுக்கு அந்த நாலஞ்சு வார்த்தை போதும். ஒரு கட்டத்துல ஒன்றரை நாள் மாட்டிக்கிட்டேன். உழும்போதும் அதே யோசனை. கடைசியில விடை தெரிஞ்சப்ப, இவ்வளவு நாளா சுவருன்னு நெனச்சதெல்லாம் யாரோ எழுதி வச்ச வார்த்தைதானான்னு ஒரு மாதிரி ஆகிப் போச்சு. என் வீட்டுச் சட்டமும் அப்படித்தானே இருந்துச்சு.

இந்த மாதிரி பெரிய கம்பெனிப் பணம் இல்லாம சின்னக் குழுவா செய்யறதை இண்டி கேம்னு சொல்றாங்க. இதுல ரொம்பப் பேர் வாங்கின ஸ்டார்டூ வேலியையே எரிக் பரோன்னு ஒருத்தர் நாலு வருஷத்துக்கு மேல தனியா உக்காந்து, படம், பாட்டு, கதை எல்லாம் தானே செஞ்சு 2016ல வெளியிட்டாராம். அவ்வளவு பேர் எல்லாருக்கும் கிடைக்காது. நிறைய நல்ல ஆட்டம் அடியிலயே கிடக்குதுன்னு மக சொன்னா.

அதைக் கேட்டதும் எனக்கு நெல் ஜெயராமன் ஐயா ஞாபகம் வந்துச்சு. கடைக்குப் போனா நமக்குக் கிடைக்கிறது நாலு ரகம். மத்ததெல்லாம் அழிஞ்சு போச்சுன்னு நெனச்சோம். அவர் ஊர் ஊரா அலைஞ்சு பாரம்பரிய ரகங்களைத் தேடி எடுத்தார். விதைத் திருவிழாவுல ரெண்டு கிலோ குடுப்பார், அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பிக் குடுக்கணும். மாப்பிள்ளைச் சம்பா கைக்குக் கை மாறித்தான் பிழைச்சுச்சு. விளையாட்டும் அப்படித்தான். விளம்பரத்துல வர்றதை மட்டும் எடுத்தா, தக்காளி ரெண்டு நிமிஷத்துல பழுக்கிற விவசாயம்தான் கிடைக்கும். அதுல தண்ணியும் கேக்காது, பூச்சியும் வராது, சீக்கிரம் பழுக்கணும்னா காசு கட்டச் சொல்லும். அதை ஆடி வளர்ற பிள்ளைக்கு, தக்காளி விலை ஏறினா விவசாயி கொள்ளை அடிக்கிறான்னுதான் தோணும்.

தேடுற வழி என் மக சொன்னதை அப்படியே எழுதறேன். ஸ்டீம்னு ஒரு கடை. முன்பக்கத்துல காட்டுறதோட நிக்காம, வகைப் பேரைப் போட்டு உள்ளே தேடணும். வருஷத்துக்கு மூணு தடவை நெக்ஸ்ட் ஃபெஸ்ட்னு ஒரு திருவிழா, வரப்போற ஆட்டங்களை மாதிரிக்குக் கொஞ்சம் இலவசமா ஆடிப் பார்க்கலாம். வாங்கி ரெண்டு வாரத்துக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கொறைவா ஆடியிருந்தா காசைத் திருப்பிக் கேக்கலாம். இட்ச்னு இன்னொரு இடம் இருக்கு. தனி ஆளுங்க செஞ்சதை அங்க போடுறாங்க, நிறைய இலவசம், சிலதுக்கு நாம விரும்புற விலை. எல்லாத்துக்கும் மேல, நல்லா இருந்தா நாலு பேர்கிட்டச் சொல்லணும். ரெண்டு கிலோவுக்கு நாலு கிலோ.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். இதை ஆடினா விவசாயம் தெரிஞ்சிடும்னு நெனச்சுடாதீங்க. அந்த பீவருங்க முறைத் தண்ணிக்குச் சண்டை போட்டு நான் பார்க்கல. எங்க ஊர்ல நீர்பாய்ச்சி ஒருத்தர் இருந்தும், கடைமடைக்காரனுக்கும் தலைமடைக்காரனுக்கும் வருஷா வருஷம் வாய்த்தகராறு. சகுனா அறுத்த நெல்லுல ஈரம் கூடன்னு யாரும் திருப்பி அனுப்பல. நகையை அடகு வச்சு உரம் வாங்குற கட்டமும் இல்லை. அதெல்லாம் தெரியணும்னா ஊருக்குத்தான் வரணும். ஆனா தண்ணி நிக்கும், மண்ணு சாகும், விதை பொக்காப் போகும்னு ஒரு பிள்ளைக்குப் பயம் வந்தா, அதுக்கப்புறம் நாம சொல்றது காதுல ஏறும்.

அதனால பட்டணத்துல இருக்கிற அப்பன் ஆத்தாமாருக்கு என் கருத்து இது. காசு கட்டி ஆடுற சூதுன்னா யோசிக்காமப் புடுங்குங்க. மத்ததைப் புடுங்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து என்னன்னு பாருங்க. குப்பையா இருந்தா நல்லதாத் தேடிக் குடுங்க. நான் அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காம, மூணு வருஷம் மக பேச்சை இழந்தவன்.

இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்றா. கண்மாய்ல தண்ணி எத்தனை அடி நிக்குதுன்னு முதல்ல கேக்குறா. தூர் வாரச் சொல்லி ஊர்க்காரங்க எழுதுற மனுவை அவதான் டைப் அடிச்சுக் குடுத்தா. என்ன ஆகுதுன்னு பின்னாடி எழுதறேன். இன்னிக்கு மடை முறை நமக்கு, கெளம்புறேன்.