வாராக்கடனில் எழுதப்பட்ட பையன்

ஆண்டி ராபர்ட்சன் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "உழைத்தார், உயர்ந்தார்" என்று கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அது பாதிக் கதையாகத்தான் படுகிறது.

1994-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே செல்டிக் ரசிகர், அந்தக் கிளப்பின் இளையோர் அணியிலும் ஆடினார். 15 வயதில் வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம்? ஆள் ரொம்பக் குட்டை! அந்த வயதுப் பையன் இன்னும் வளர்வான் என்று யாருக்குமா தோன்றவில்லை? அக்கவுண்டன்சியில் நாங்கள் படிக்கிற வாராக்கடன் மாதிரி, இனி தேறாது என்று கணக்கை மூடிவிட்டார்கள்.

அங்கிருந்து போன இடம் குயின்ஸ் பார்க். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் ஹீரோ இந்தக் கிளப்தான். 1867-ல் தொடங்கியது; 2019 வரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கொடுக்காத அமெச்சூர் கிளப். ஆனால் ஆடிய மைதானம் ஐம்பதாயிரம் பேர் உட்காரும் ஹாம்ப்டன் பார்க், ஸ்காட்லாந்து தேசிய அணியின் வீடு! வந்து பார்ப்பதோ சில நூறு பேர். 2012-13 சீசனில் நம்ம ஆள் அங்கே நான்காம் பிரிவில் லெஃப்ட் பேக். (நிதிச் சிக்கலில் மூழ்கிய ரேஞ்சர்ஸ் கீழே விழுந்து வந்து சேர்ந்ததும் அதே வருடம், அதே பிரிவில்தான். அது தனிக்கதை.) கைச்செலவுக்கு அதே ஹாம்ப்டனில் போன் எடுக்கிற வேலை, டிக்கெட் விற்கிற வேலை. கையில் காசில்லை, வேலை வேண்டும் என்று 2012-ல் ட்விட்டரில் புலம்பியது பின்னாளில் உலகப் பிரபலம் ஆனது.

சம்பளம் இல்லைதான். ஆனால் வாராவாரம் வளர்ந்த ஆட்களோடு மோத ஒரு இடம் கிடைத்தது. பெரிய கிளப்பின் இளையோர் அணியிலேயே இருந்திருந்தால் 18 வயதில் அது கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். உழைப்பு எல்லாரிடமும் இருக்கிறது. கழித்துக் கட்டப்பட்ட ஒருவனைச் சேர்த்துக்கொள்ள இப்படி ஒரு கிளப் பக்கத்திலேயே இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? உயரம் போதாது என்று அனுப்பப்பட்டு, அத்தோடு பூட்ஸைக் கழற்றிவிட்ட பையன்களின் பெயர் எந்தக் கணக்கிலும் வராது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 2013-ல் டண்டீ யுனைடெட் அழைத்துக்கொண்டது. ஒரே சீசனில் ஸ்காட்லாந்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது. 2014 மார்ச்சில் தேசிய அணி, ஜூலையில் ஹல் சிட்டி. விலை 28.5 லட்சம் பவுண்ட்! 2017-ல் லிவர்பூல் கொடுத்தது 80 லட்சம். 2019-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையே தூக்கிவிட்டார்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 2014 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்துக்காகத் தன் முதல் கோலை அடித்தார். எந்த மைதானத்தில் தெரியுமா? செல்டிக் பார்க்கில்! 3-1 என்று இங்கிலாந்து ஜெயித்துவிட்டது, அதை விடுங்கள் :)