உருப்போட்ட நிரலுக்கு மதிப்பெண் எதற்கு?

தமிழகப் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் செய்முறைத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்பது ரகசியமல்ல. ஒற்றை எண்ணா இரட்டை எண்ணா, சொல்லைத் தலைகீழாக்குதல், பகா எண்களைத் திரட்டுதல் என்று ஒரு சிறு பட்டியல். நிரலும் விடையும் பாடப்புத்தகத்திலேயே அச்சாகியிருக்கின்றன. ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, சில நாள் உருப்போட்டால் போதும். அப்படித் தேறிய மாணவரிடம் ரேஞ்ச்(1, 5) என்ற வரி எந்த எண்களைத் தரும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘1 முதல் 5 வரை’ என்றுதான் பதில் வரும். பைத்தான் 4-லேயே நின்றுவிடும்.

ஸ்டார் ஆபீஸும் சி++-உம் இருந்த இடத்துக்கு 2019-ல் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் வந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் மொழி மாறியதே தவிர, தேர்வு மாறவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். சேர்த்தால் அதையும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள்!

இங்கிலாந்து வேறு வழியில் போனது. வேர்டும் பவர்பாயிண்டும் சொல்லித்தருவது கல்வியாகாது என்று 2012-ல் பழைய பாடத்திட்டத்தைக் கைவிட்டு, 2014 முதல் ஐந்து வயதுக் குழந்தையிலிருந்தே நிரலாக்கத்தைத் தொடங்கியது. பதினாறு வயதுத் தேர்வில் 20 மணி நேரச் செயல்திட்டம் ஒன்றும் இருந்தது. அதற்கான விடைகள் இணையத்தில் உலவவே, அந்த மதிப்பெண்ணைத் தரத்துக்குக் கணக்கிடுவதில்லை என்று 2018-ல் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள் ஐ.டி. தேர்வைக் கணினி முன் அமர்ந்தே எழுதுகிறார்கள். அங்கே மென்பொருளைக் கையாளும் பழக்கம் வருகிறது. அதுவும் தேவைதான், ஆனால் அது கணினி அறிவியலின் ஒரு பகுதி மட்டுமே.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பிரிட்டிஷ் ஆய்வாளர் சூ சென்டன்ஸ் வகுத்த ‘பிரிம்’ முறை. ஆசிரியர் தரும் நிரலைப் படித்து, என்ன விடை வரும் என்று மாணவர் முதலில் ஊகிக்கிறார். பிறகு ஓட்டிப் பார்க்கிறார், வரி வரியாக ஆராய்கிறார், சற்று மாற்றுகிறார். சொந்தமாக எழுதுவது கடைசியில்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத குழந்தையைக் கட்டுரை எழுதச் சொல்வோமா?

பட்டியலை எடுத்துவிட்டால் வீட்டில் கணினி இல்லாத கிராமத்துப் பிள்ளைகள் தோற்றுவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். பத்தாம் வகுப்பு வரை கணினி அறிவியல் தனிப் பாடமாகவே இல்லை. அந்தப் பாடத்தில் பி.எட். முடித்தவர்களோ பல ஆண்டுகளாக வேலை கேட்டுப் போராடுகிறார்கள். இந்த நிலையில் பட்டியல் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம். ஆனால் நிரலைப் படித்து விடையை ஊகிக்கக் கரும்பலகையும் சாக்பீஸும் போதும். கணினிக்கு வரிசையில் நிற்கும் பள்ளிக்குத்தான் இந்த முறை கூடுதலாகக் கைகொடுக்கும்.

எனவே பட்டியலை ஒரேயடியாக ஒழிக்கச் சொல்லவில்லை. செய்முறைத் தேர்வில் பாதி மதிப்பெண் பட்டியலுக்கே இருக்கட்டும். மறுபாதிக்கு, மாணவர் முன்பின் பார்த்திராத பத்து வரி நிரல் ஒன்றைக் கொடுத்து, விடையைச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு பிழையைத் திருத்தச் சொல்லுங்கள், ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். இதற்குப் புதிய புத்தகமோ புதிய ஆய்வகமோ வேண்டாம். தேர்வுத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அது பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.