இரண்டாவது இன்ஜின் யாரைக் காப்பாற்றும்?

விமானம் பார்க்கிறவர்களுக்குக் கோர்படி வசதியான இடம். கன்டோன்மென்ட்டும் ரயில்வே ஷெட்டுமாக இருக்கும் இந்தப் புனே பகுதிக்கு வடக்கே லோஹேகாவ் விமான நிலையம், தென்கிழக்கே ஹடப்சர். லோஹேகாவில் இறங்கும் ஏர்பஸ்ஸுக்கும் சரி, அங்கிருந்து சீறிக் கிளம்பும் விமானப்படையின் சுகோய்-30க்கும் சரி, இரண்டு இன்ஜின்கள். ஹடப்சர் கிளைடிங் மையத்திலோ, தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் இன்ஜினே இல்லாத கிளைடரில் பறக்கக் கற்றிருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு ரகம் உண்டு. நாலு பேரோ ஆறு பேரோ உட்காரக்கூடிய, இரண்டு சிறிய இன்ஜின்கள் பூட்டிய குட்டி விமானம். ஏர்லைன்ஸ் வேலைக்குக் கனவு காணும் மாணவருக்கு அதுதான் கடைசி வகுப்பறை. சொந்த விமானம் வாங்கத் துடிக்கும் தொழிலதிபருக்கு அது கௌரவம். இருவரும் நம்புவது ஒரே கணக்கைத்தான்: ஒரு இன்ஜின் நின்றால் இன்னொன்று காப்பாற்றும்.

கணக்கு பாதிதான் சரி. இன்ஜின்கள் இரண்டானால், அவற்றில் ஏதாவது ஒன்று மக்கர் செய்யும் வாய்ப்பும் இரண்டு மடங்கு. ஒன்று நின்றால் போவது பாதி சக்தி. ஆனால் மேலேறும் திறனில் சுமார் 80 சதவீதம் போய்விடுகிறது. காரணம் எளிது. உயரம் குறையாமல் நேராகப் பறக்கவே கணிசமான சக்தி செலவாகிறது. அதற்குப் போக மிஞ்சுவதுதான் விமானத்தை மேலே தூக்குகிறது. பாதி வருமானம் நின்ற வீட்டில் வாடகையும் அரிசியும் போக என்ன மிஞ்சும்?

கோடைக்காலப் புனேயில் நிலைமை இன்னும் இறுக்கம். லோஹேகாவ் ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 590 மீட்டர் உயரம். உயரமும் வெயிலும் சேர்ந்தால் காற்று இளைத்துவிடும். ஒற்றை இன்ஜினில் விமானம் ஏறுவதற்குப் பதிலாக மெல்ல இறங்கவும் கூடும்.

அதைவிட ஆபத்தானது இழுப்பு. இடது இன்ஜின் நின்றால் வலது இன்ஜின் விமானத்தின் மூக்கை இடப்பக்கம் திருப்பும். விமானி வலது காலால் ரடர் பெடலை மிதித்து அதைத் தடுக்க வேண்டும். நின்ற இன்ஜினின் பிரொப்பெல்லர் தகடுகள் காற்றைத் தடுக்காதபடி அவற்றின் விளிம்பைக் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். வேகம் ஒரு எல்லைக்குக் கீழே விழுந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல இன்ஜினே விமானத்தைக் கவிழ்த்துவிடும். வேகமானியில் சிவப்புக் கோடாக வரைந்திருப்பது அந்த எல்லைதான். தரையை விட்டுக் கிளம்பிய சில விநாடிகளில் இது நேர்ந்தால், சில சமயம் நல்ல இன்ஜினையும் அணைத்துவிட்டு எதிரே தெரியும் நிலத்தில் இறங்குவதே புத்திசாலித்தனம். புத்தகத்தில் படித்தால் புரியும். அந்த விநாடியில் கை அதைச் செய்ய வேண்டுமானால் திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும்.

இந்த ரக விமானத்தை இந்தியாவிலேயே செய்ய முனைந்ததும் புனேக்காரர்கள்தான். புனேயின் இண்டியன் சீம்லெஸ் குழுமத்தைச் சேர்ந்த தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம், 1994இல் இத்தாலியின் பார்ட்டனாவியாவோடு கைகோத்தது. தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் தமிழ்நாட்டில், ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளி. சுமார் 7,000 அடி நீளத்தில் சொந்த ஓடுபாதையும் போட்டார்கள். தயாரிக்க எடுத்துக்கொண்ட பி-68சி, தலா 200 குதிரைத் திறனில் இரண்டு இன்ஜின்கள் கொண்ட ஆறு இருக்கை விமானம். லூயிஜி பாஸ்கலே என்ற பேராசிரியரின் வடிவமைப்பு. 1970இல் முதலில் பறந்தது.

விமானம் வந்தது, அதைத் தாங்கும் சந்தை வரவில்லை. அனுமதிக்காக நடக்கும் நடை, இரண்டு இன்ஜின்களுக்கும் சேர்த்துப் பராமரிப்புச் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்ரோல். இத்தகைய பிஸ்டன் இன்ஜின்கள் கேட்கும் விமானப் பெட்ரோலை இந்தியா பல காலம் இறக்குமதிதான் செய்தது. இண்டியன் ஆயில் அதை வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது 2022இல்தான். பெலகொண்டப்பள்ளி ஆலை விமானப் பாகங்கள் செய்வதற்கும் பராமரிப்புக்கும் திரும்பிக்கொண்டது.

பாஸ்கலே சும்மா இருக்கவில்லை. அவரும் சகோதரரும் 1986இல் தொடங்கிய டெக்னாம் நிறுவனம், நான்கு இருக்கை இரட்டை இன்ஜின் விமானம் ஒன்றைச் செய்து 2007இல் பறக்கவிட்டது. தலா 100 குதிரைத் திறன் இன்ஜின்கள். காருக்குப் போடும் பெட்ரோலிலேயே ஓடும். ஆஸ்திரியாவின் டைமண்ட் டிஏ-42, ஜெட் எரிபொருளில் ஓடுகிறது. பெட்ரோல் தொல்லை குறைந்ததால் பயிற்சிப் பள்ளிகள் இவற்றை நாடுகின்றன.

தேவைக்கும் குறைவில்லை. 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. கமர்ஷியல் லைசென்ஸுக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இரட்டை இன்ஜின் மணிகளுக்குக் கட்டணம் அதிகம் என்பதால் பெரும்பகுதி நேரம் ஒற்றை இன்ஜினில் போகிறது. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை விமானம் வைத்திருக்கிறீர்கள் என்பதல்ல. ஒரு இன்ஜினை வேண்டுமென்றே முடக்கி எத்தனை முறை பழக்குவீர்கள் என்பதுதான்.

சொந்த விமானக்காரர்களுக்கும் இதே பாடம். மாதவராவ் சிந்தியா உட்பட எட்டுப் பேர் 2001 செப்டம்பரில் உயிரிழந்ததும் இரட்டை இன்ஜின் விமானத்தில்தான். மோசமான வானிலையில் அது மைன்புரி அருகே விழுந்தது. மேகத்துக்கு இன்ஜின்களை எண்ணத் தெரியாது. இரண்டாவது இன்ஜின் விமானிக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் என்ன செய்வது என்பதை அது சொல்லித் தருவதில்லை.