குதிரையின் காலைப் பாருங்கள்!

ஊட்டிக்குப் போகிறவர்கள் குதிரைச் சவாரி செய்கிறார்கள். கொடைக்கானல் ஏரிக்கரையிலும், சென்னை மெரினா கடற்கரையிலும் சவாரி உண்டு. குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம்!

ஏறுகிறவர்கள் குதிரையின் முகத்தைப் பார்க்கிறார்கள். சேணத்தைப் பார்க்கிறார்கள். காலை மட்டும் யாரும் பார்ப்பது இல்லை.

பார்க்க வேண்டிய இடமே அதுதான்!

கால் வெடிப்பு

குதிரையின் குளம்புக்குச் சற்று மேலே, பின்பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கால் மடங்கும்போதெல்லாம் அங்கே தோலும் மடங்கும்.

அந்த இடம் ஓயாமல் ஈரமாக இருந்தால் தோல் ஊறிப்போகும். சேறும் மணலும் உராயும். கிருமி புகுந்துவிடும். தோல் சிவக்கும். நீர் கசியும். பொருக்குத் தட்டும். கடைசியில் வெடித்து ரத்தம் வரும்.

மனிதனுக்குக் காலில் வெடிப்பு வந்தால், "ஐயோ, வலிக்கிறதே!" என்று உட்கார்ந்துவிடுவான். வாயில்லாப் பிராணி என்ன செய்யும்? நொண்டிக்கொண்டே நடக்கும்.

கழுவினால் போதுமா?

வேலை முடிந்ததும் குதிரையின் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. பிறகு அந்த ஈரத்தோடு கொட்டிலில் கட்டிவிடுகிறார்கள். கொட்டிலிலோ லத்தியும் மூத்திரமும் நனைந்து கிடக்கும்.

இது தவறு. கழுவுவது பெரிதல்ல, காயவைப்பதுதான் பெரிது!

சேறு காய்ந்த பிறகு தூரிகையால் மெதுவாகத் தட்டிவிடலாம். கழுவினால், உடனே உலர்ந்த துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். தரையில் காய்ந்த வைக்கோல் போட வேண்டும். நனைந்ததை அன்றாடம் அள்ள வேண்டும். தினமும் நாலு காலையும் தடவிப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

வந்துவிட்டால்?

குதிரைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். உலர்ந்த இடத்தில் கட்ட வேண்டும். புண்ணைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரிக்க வேண்டும். கால்நடை டாக்டர் சொல்லும் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவி, நன்றாகத் துடைக்க வேண்டும்.

பொருக்கைப் பிய்த்து இழுக்கக் கூடாது! ஊறித் தானாக வருவதை மட்டும் எடுக்கலாம். ஈரப் புண்ணின் மேல் களிம்பை அப்பினால், ஈரமும் கிருமியும் உள்ளேயே தங்கிவிடும். ஒரு குதிரைக்குப் பயன்படுத்திய துணியை இன்னொரு குதிரைக்குத் தொடக்கூடாது.

கால் வீங்கினாலும், சூடாக இருந்தாலும், குதிரை நொண்டினாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். டெட்டனஸ் நோய் குதிரையை எளிதில் தாக்கும். அதன் கிருமிக்குப் புண்தான் வாசல். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது.

உலை ஏறுமா?

"ஓய்வு கொடுத்தால் வீட்டில் உலை ஏறாதே!" என்று குதிரைக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் ஆரம்பத்திலேயே கவனித்தால் சில நாள் வருமானம்தான் போகும். முற்றவிட்டால் பல வாரம் போகும். குதிரையே போனாலும் போகும்!

புண்ணால் வேலைக்குத் தகுதி இழந்த பிராணியை வேலை வாங்குவது குற்றம் என்று 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் ஒவ்வொரு குதிரையின் பின்னாலும் நடந்து வராது. சவாரி செய்கிறவர்கள்தான் பார்க்க வேண்டும்.

நொண்டுகிற குதிரையைக் கண்டால், "இது வேண்டாம், காலுக்கு மருந்து போடுங்கள்" என்று சொல்ல வேண்டும். கால் நன்றாக இருக்கும் குதிரையைப் பார்த்து ஏற வேண்டும். காலைக் கவனிக்கிற குதிரைக்காரருக்குக் கூலி கிடைத்தால், மற்றவர்களும் தானாகவே கவனிப்பார்கள்.

குழந்தையைக் குதிரை மேல் தூக்கி வைப்பதற்கு முன், அதன் காலைக் காட்டுங்கள். சவாரியோடு இரக்கமும் பழகட்டும்!