வாசகர் கேள்வி: கடலைத் தண்டைக் கரைக்கும் வெள்ளை நூல்

மானாவாரிக் கடலையில் 50 நாள் தாண்டியதும் ஆங்காங்கே செடிகள் வாடுகின்றன, பிடுங்கினால் தண்டு மட்டும் அறுந்து கையோடு வருகிறது, காய் மண்ணிலேயே தங்கிவிடுகிறது, மூன்று முறை மருந்து ஊற்றியும் வாடிய செடி ஒன்றுகூடத் தேறவில்லை, அடுத்து என்ன மருந்து வாங்கலாம் என்று திண்டிவனம் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடித்தண்டில் வெள்ளை நூலும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் இருப்பதாக எழுதியிருக்கிறார். இது ஸ்கிலிரோசியம் பூசணத்தால் வரும் தண்டு அழுகல்.

வாடிய செடிக்காக இனி ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். பூசணம் தண்டுக்குள் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

தண்டிலுள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. பக்கத்துப் பக்கத்துச் சுவர்களை ஒட்டவைக்கும் சாந்து பெக்டின். கொய்யாப்பழ ஜெல்லியை உறையவைப்பதும் இதே பொருள்தான். அந்தச் சாந்தை இறுக்கிப் பிடித்திருப்பது சுண்ணாம்புச் சத்து. பூசணத்துக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. இரையை வெளியிலேயே கரைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். எனவே முதலில் ஆக்சாலிக் அமிலத்தைக் கக்குகிறது. அமிலம் சாந்திலுள்ள சுண்ணாம்புச் சத்தை இழுத்துப் படிகமாக்கிவிடும். (சேனைக்கிழங்கு நாக்கில் அரிப்பதும் இந்தப் படிகத்தால்தான்.) சாந்து இளகியதும் பெக்டினைக் கரைக்கும் நொதிகள் புகுகின்றன. அமிலத்தின் புளிப்பில் அவற்றின் வேகம் இன்னும் கூடும். அடுத்து சுவரின் நாரான செல்லுலோஸை அறுக்கும் நொதிகள் வருகின்றன.

வெள்ளை நூல் போய்ச் சேருமுன்பே அமிலமும் நொதியும் முன்னால் ஊறித் தண்டைக் கொன்றுவிடுகின்றன. செடி வாடுவது கண்ணில் படும்போது அடித்தண்டு கரைந்து முடிந்திருக்கும். மருந்து பூசணத்தைக் கொல்லலாம், கரைந்த தண்டை ஒட்டவைக்காது.

காப்பாற்ற வேண்டியவை பக்கத்துச் செடிகள். வாடிய செடியை அடிமண்ணோடு அள்ளி, கடுகு உருண்டை சிந்தாமல் வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். அந்த உருண்டைகள் மேல்மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மருந்து ஊற்றுவதானால் சுற்றியுள்ள நல்ல செடிகளின் அடியில் ஊற்ற வேண்டும். எது, எவ்வளவு என்பதை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். டிக்கா நோயில் உதிர்ந்த இலைகள் தண்டின் அடியில் குவிந்தால் பூசணத்துக்கு அதுவே முதல் தீனி. மண் அணைக்கும்போது இலைச் சருகையும் களையையும் சேர்த்து அணைப்பது அதற்குப் பந்தி வைப்பது போலத்தான்.

40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவதை விடக்கூடாது. காய், தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஜிப்சம் இந்த நோய்க்கு மருந்தல்ல.

அடுத்த பட்டத்துக்குக் கோடையில் ஆழ உழுது உருண்டைகளைப் புதைக்க வேண்டும். முடிந்தால் ஒரு பட்டம் சோளமோ கம்போ போடலாம். விதைக்கும் முன் ஏக்கருக்கு 1 கிலோ ட்ரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து மண்ணில் இட வேண்டும். இதுவும் பூசணம்தான், இதுவும் நொதியைத்தான் கக்குகிறது. ஆனால் அது கரைப்பது ஸ்கிலிரோசியத்தின் சுவரை. விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு 4 கிராம் போதும். அதே விதையில் பூசணக்கொல்லி மருந்தையும் கலந்தால் ட்ரைக்கோடெர்மாவும் செத்துவிடும்.