மூடும் அதிகாரமும் காக்கும் கடமையும்

இலங்கையில் இணையப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசு மேற்கொள்ளும் பணிகள் இரு வகைப்படும். குடிமக்கள் இணையத்தில் பேசுவதையும் பகிர்வதையும் கட்டுப்படுத்துவது ஒன்று. அவர்கள் அரசிடம் ஒப்படைத்திருக்கும் தரவையும் அத்தரவைத் தாங்கும் கணினிகளையும் காப்பது மற்றொன்று. முதலாவது பணி சட்டமாகவும் தண்டனையாகவும் விரைந்து உருப்பெற்றிருக்க, இரண்டாவது ஆண்டுக்கணக்கில் பின்தங்கிக் கிடக்கிறது.

2023 ஆகஸ்ட் 26 அன்று அரசின் மேகக் கணினி அமைப்பான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்குதலுக்கு உள்ளானது. கோப்புகளைப் பூட்டிவைத்துவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்கும் 'ரான்சம்வெயார்' என்னும் கப்ப மென்பொருளே அங்கு நுழைந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசின் மின்னஞ்சல் சேவையைப் பயன்படுத்திய சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் தாக்குதல் நடந்த நாள் வரையிலான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலப்பகுதிக்கான பிரதி, வலையமைப்போடு தொடர்பற்ற தனி வட்டு எதிலும் இருக்கவில்லை. இணைப்பில் இருந்த பிரதியோ மூலத்தோடு சேர்ந்தே பூட்டப்பட்டது. சேவை இயங்கியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில். அப்பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களை அந்நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் நிதிப் பற்றாக்குறையால் தள்ளிப்போனதாகப் பொறுப்பான முகவர் நிலையமே விளக்கம் அளித்தது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியிருந்தாலும் பிரதியை வேறிடத்தில் வைத்திருந்தாலும் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது.

இத்தாக்குதலுக்கு அடுத்த மாதமே வர்த்தமானியில் வெளியானது தரவைக் காப்பதற்கான சட்டமூலம் அன்று, நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம். அதன் பல பிரிவுகள் திருத்தப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அத்திருத்தங்கள் யாவும் உள்வாங்கப்படவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. ஆயினும் 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறிய அது, பெப்ரவரி 1 அன்று சபாநாயகரின் கையொப்பத்துடன் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாயிற்று. எந்தக் கூற்று பொய்யானது, எது தடைசெய்யப்பட வேண்டியது என்பதை முதலில் தீர்மானித்து, 24 மணிநேரத்துள் நீக்குமாறு அறிவித்தல் கொடுக்கும் அதிகாரம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு இச்சட்டத்தால் கிடைத்தது. சில குற்றங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. இதற்கு மாறாக, 2022 மார்ச்சில் சட்டமாகிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் ஒத்திவைக்கப்பட்டன. பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு ஐந்து மாதம்கூடத் தேவைப்படவில்லை. தரவைக் காக்கும் சட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் போதவில்லை.

ஒரு கூற்றின் பொருளை யார், எந்த மொழியில் வாசித்துத் தீர்மானிப்பது என்பது மன்னாருக்கு வெறும் கோட்பாட்டுக் கேள்வி அன்று. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை முன்னிட்டு 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். கவிதைகளைத் தமிழில் வாசித்தவர்கள் அவை தீவிரவாதத்தையும் வன்முறையையும் எதிர்ப்பவை என்று எடுத்துக்காட்டியும், 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அச்சிட்ட நூலொன்றைச் சரிவர வாசித்து முடிக்கவே மூன்றரை ஆண்டுகள் எடுத்த அமைப்பிடம், தமிழில் எழுதப்பட்ட முகநூல் பதிவை ஒரே நாளில் நீக்கச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தண்டனைக்கு அப்பால், இணைப்பையே நிறுத்தும் வழக்கமும் அரசுக்கு உண்டு. 2007இல் தமிழ்நெட் செய்தித் தளம் தடுக்கப்பட்டது; 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகன வன்முறையின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3 அன்று மக்கள் போராட்டத்தின்போதும் பேஸ்புக், வட்ஸ்அப் முதலானவை முடக்கப்பட்டன. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் வழங்கியில் அப்பெயரை மறைத்தாலோ, அந்த எண்ணை நோக்கிச் செல்லும் போக்குவரத்தை நிறுத்தினாலோ போதும். சேவை வழங்கும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் ஓர் அறிவுறுத்தலே நாடு முழுவதையும் மூடிவிடும். மறிக்கப்படுவது மன்னாருக்குப் புதிதன்று. மன்னார்–மதவாச்சி வீதியில் உள்ள உயிலங்குளம், போர்நிறுத்தக் காலத்தில் அரசு, விடுதலைப் புலிகள் ஆகிய இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையிலான கடவையாக இருந்தது. அங்கு மறிக்கப்பட்டவருக்குத் தம்மை மறித்தவர் யார் என்பதாவது தெரிந்திருந்தது. முடக்கப்பட்ட கைப்பேசியிலோ சுழலும் வட்டம் மட்டுமே தெரியும். சிக்னல் இல்லையா, டேட்டா தீர்ந்ததா, கட்டளை பிறந்ததா என்பதைப் பாவனையாளர் அறிய வழியில்லை. 2022இல் பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளே காரணம் என்று தெரியவந்து, அவ்வமைச்சுக்கு அத்தகைய அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழுந்த பிறகே, சுமார் 15 மணிநேரத்தில் தடை நீங்கியது.

இணையத்தில் எதையும் கட்டுப்படுத்தக் கூடாது என்பது இதன் பொருளன்று. திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பதிவுகள் பரவியபோது சிங்களம் அறிந்த போதிய கண்காணிப்பாளர்கள் பேஸ்புக்கிடம் இருக்கவில்லை. தன் தளத்தின் பங்குக்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் முடக்கம் அந்தக் குறையைத் தீர்க்கவில்லை. வீபிஎன் என்னும் மறைகுறியாக்கப்பட்ட வழியில் வெளிநாட்டு வழங்கிகளூடாகத் தளத்தை அடையத் தெரிந்தவர்கள் தொடர்ந்து எழுத, அந்த வழி தெரியாதவர்களே உறவினரின் நலம் விசாரிக்க முடியாமல் தவித்தார்கள்.

சிற்றூர்களில் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டுக்கோ வேலைக்கோ இணையவழி விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர் சந்தியில் உள்ள 'கொமினிகேசன்' எனப்படும் கடையில் அடையாள அட்டையையும் கைப்பேசியையும் கொடுக்கிறார். கடைக்காரர் மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கிறார். ஸ்கேன் செய்த அட்டை கடைக் கணினியிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் படத்தைக் கொண்டு வேறொருவர் சிம் அட்டையோ கடனோ பெற முயன்றால் எங்கே முறையிடுவது என்பது பலருக்குத் தெரியாது. விரல்ரேகையையும் முகத்தையும் கொண்ட எண்ணிம அடையாள அட்டையை நாடு முழுவதற்கும் வழங்க அரசு முனைந்திருக்கும் நிலையில், மின்னஞ்சலுக்கே பிரதி வைக்கத் தவறிய அமைப்பிடம் விரல்ரேகை போய்ச் சேர்கிறது. திருடுபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம்; விரலை மாற்ற முடியாது.

ஆகவே வரிசை மாற வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவதும், அரச கணினிகளின் பதிப்பும் பிரதியெடுப்பும் ஆண்டுதோறும் சுயாதீனமாகத் தணிக்கை செய்யப்பட்டு அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுவதும், எண்ணிம அடையாளத் தரவு திரட்டப்படுவதற்கு முன்னரே நிறைவேற வேண்டியவை. இணைய முடக்கத்துக்கான கட்டளை எழுத்தில், காரணத்தோடும் காலவரையோடும், நீதிமன்றத்தின் முன்அனுமதி பெற்று மட்டுமே பிறக்க வேண்டும். தமிழ்ப் பதிவு குறித்த முடிவைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எடுப்பதும், முறைப்பாட்டைப் பிரதேச செயலகத்திலேயே தமிழில் கொடுக்க இயல்வதும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, இழந்த மூன்று மாதக் கடிதங்களுக்கும் ஒரு கவிஞரின் சிறைநாள்களுக்கும் ஈடாகாது.