“சரிங்க” என்ற சொல்லுக்கு என்ன விலை?

தோழர்களே! யார் எதைச் சொன்னாலும் “சரிங்க” என்று சொல்லும் மனிதர்கள் நம்மிடையே ஏராளம். ஊர் அவர்களைத் தங்கமான பிள்ளை என்று மெச்சுகிறது. அந்தத் தங்கத்தைச் சற்று உரசிப் பார்ப்போம்.

1968-ல் வெளிவந்த ‘எதிர்நீச்சல்’ படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கே. பாலசந்தர் முதலில் நாடகமாக மேடையேற்றி, பிறகு படமாக்கிய கதை அது. பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீடு. மாடிப்படியின் கீழே ஒண்டிக்கிடக்கும் அநாதை மாது. நாகேஷ் நடித்த பாத்திரம். குடித்தனக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவன்தான் எடுபிடி. அதற்குக் கிடைக்கும் கூலி சாப்பாடு. நடுநடுவே படிப்பு.

சிரித்தோம், கண் கலங்கினோம். ஆனால் மாது ஏன் “முடியாது” என்று சொல்லவில்லை? நல்ல குணம் மட்டுமா காரணம்? ஒரு வீட்டில் முகம் சுளித்தால் ஒரு வேளைச் சோறு போய்விடும்! அவனுடைய பணிவுக்கு அடியிலே இருப்பது பசி.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை இத்தகைய மாதுக்கள் இன்றும் இருக்கிறார்கள். திருவொற்றியூர் டீக்கடையில் ஒரு கன்டிராக்ட் தொழிலாளியைச் சந்தித்தேன். மேஸ்திரி “இன்னொரு ஷிப்டு இரு” என்றால் இருந்துவிடுவார். மகள் காய்ச்சலில் கிடந்த அன்றும் அப்படித்தான் இருந்தார். “முடியாதுன்னு சொன்னா நாளைக்கு கேட்டுக்குள்ளே விடமாட்டான், தோழர்” என்றார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவர் தனியாகச் சொல்லும் “முடியாது” அவருடைய வேலையைப் பறித்துவிடும். அப்படியானால் வழி என்ன?

2014-ல் பெல்ஜியத்தின் டார்டென் சகோதரர்கள் பிரெஞ்சு மொழியில் எடுத்து, விருது பெற்ற ‘இரண்டு பகல், ஓர் இரவு’ என்ற படம் இதைத்தான் கேட்கிறது. நோய் விடுப்பிலிருந்து திரும்பும் சான்டிராவுக்கு வேலை இல்லை. அவள் வேலையைக் காப்பாற்றுவதா, ஆளுக்கு 1,000 யூரோ போனஸ் வாங்குவதா என்று சக தொழிலாளர் 16 பேரையும் ஓட்டுப் போடச் சொல்கிறது நிர்வாகம். தொழிலாளியைத் தொழிலாளியோடு மோதவிடும் பழைய தந்திரம்! கூசிக் குறுகி வீடு வீடாகப் போகிறாள் சான்டிரா. பாதிப்பேர் அவள் பக்கம் வருகிறார்கள். ஆனால் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முதலாளி அழைத்து, “ஒரு தற்காலிகத் தொழிலாளியின் ஒப்பந்தம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்காமல் உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன்” என்கிறான். இன்னொருவன் சோற்றைப் பறித்து வரும் வேலை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, நிமிர்ந்து நடக்கிறாள்.

எட்டுப் பேர் துணை நின்ற பிறகுதான் அந்த “வேண்டாம்” அவள் வாயில் வந்தது. இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக நம்மையும் பார்த்துக்கொள்வோம். சங்க ஆபீசிலும் ஒரு மாது உண்டு. சுவரொட்டி ஒட்டுபவன், டீ வாங்கி வருபவன், பாய் சுருட்டுபவன் எல்லாம் அவனே. கூட்டத்தில் அவனை ஒரு வார்த்தை பேசச் சொன்னோமா? நானும் சொன்னதில்லை. நம்மிடம் “முடியாது” என்று சொல்லிப் பழகாதவன் முதலாளியிடம் எப்படிச் சொல்வான்?

அடுத்த கூட்டத்தில் முதலில் அவன் பேசட்டும். பாயை நாம் சுருட்டுவோம்!